அடிபிடித்த சாமைச் சோறு

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பசித்தால் அழுவாளே தவிர, இது வேண்டுமென்று காட்டவும் தெரியாது. மூளை வளர்ச்சியில் குறை என்றார் டாக்டர். சொந்தக்காரர்களோ பழியைச் சாப்பாட்டின்மேல் போட்டார்கள். தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, மீன் ஆகவே ஆகாது. சங்கராபுரத்திலிருந்து என் நாத்தனார் வல்லாரையும் வசம்பும் இடித்த பத்தியப் பொடியோடு வருவார். சோற்றில் பிசைந்து ஊட்டினால் பிள்ளை என் முகத்திலேயே துப்புவாள். சரியாகத்தான் துப்பினாள்.

அவள் சாப்பிட்டது ரஸ்க் மட்டும். கணவர் வெள்ளிமலைப் பள்ளியில் வாத்தியார் என்பதால் மலைமேல் குடியிருந்தோம். ரஸ்க் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தபோது கீழே சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது, ரஸ்க் தீர்ந்தது. வீட்டில் சாமை அரிசிதான் இருந்தது. குழைய வடித்துக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். கஞ்சி கொடுத்தேன், அதற்கும் அதே கதி. மறுநாள் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பை மறந்தேன். சோறு தீய்ந்துபோனது.

எரிச்சலோடு பானையின் அடியைச் சுரண்டிக் காந்தலைத் தரையில் போட்டேன். நடக்கத் தெம்பில்லாத மகள் தவழ்ந்து வந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மொறுமொறுவென்று சத்தம். இன்னொன்று. தீர்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பானைக்குள் என் கையை வைத்தாள்.

கேட்டுவிட்டாள்! என் பெண் என்னிடம் கேட்டுவிட்டாள்! அழுதுகொண்டே சிரித்தேன். பிள்ளைக்குக் குழைந்தது ஆகாது, மொறுமொறுப்புதான் வேண்டும். இது தெரியாமல் அத்தனை நாள் பத்தியம்!

அதன்பிறகு வேண்டுமென்றே தீய்த்தேன். "வாத்தியாரம்மா, தெனமும் இன்னா தீயுது?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "எங்க வூட்டு விருந்துங்க" என்றேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும் நாத்தனார் வந்தார். பிள்ளையின் கன்னத்தைப் பார்த்து, "பாத்தியா, என் பொடி வேல செஞ்சிட்ச்சி!" என்றார்.

"போன தடவ குடுத்த பொட்டலத்த பிரிக்கவே இல்ல அண்ணி."

"அப்ப பேச்சு வந்துட்ச்சா?"

"இல்ல அண்ணி."

"பின்ன இன்னாத்துக்கு இப்டி சிரிக்கிற?"

நான் வாய் திறக்குமுன் என் மகள் எழுந்து போய், அதுவரை தொட்டே பார்க்காத அத்தையின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள். பட்டுப்புடவையோடு பானையின் முன் உட்கார்ந்த நாத்தனார், காந்தல் சுரண்டத் தொடங்கினார்.