எல் போர்ட் கழற்றிய பிறகு

போன கிழமை மகள் ட்ரயல் பாஸாகிவிட்டாள். வாகனம் ஓட்டும் பரீட்சையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் ட்ரயல் என்றுதான் சொல்வோம். நேற்றுப் பின்னேரம் காரின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு எல் எழுத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்து வந்துவிட்டது, பசை வரமாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னது நான்தான். பழைய சீலைத் துண்டால் அவள் தேய்க்கத் தேய்க்க, அந்த மணம் என்னை என் வாப்பாவின் காருக்குள் கொண்டுபோய் இருத்திவிட்டது.

"வாப்பா, பாஸாகின பொறகு என்னெல்லாம் கவனிக்கணும்? ஏதும் சொல்லுங்களன்" என்று கேட்டாள்.

டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும், மழை பெய்த ரோட்டில் பிரேக்கை அமத்தி மிதிக்கக் கூடாது, மாடு குறுக்கே வந்தால் அதன் பின்பக்கத்தால் போக வேண்டும் என்று சொன்னேன். மாடு பின்னுக்கு வராது. அவள் போனைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றாள். குடும்பக் குரூப்பில் வாழ்த்துகள் வந்து விழுந்தபடி இருந்தன. அவளுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உங்களிடம் அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

என் வாப்பாவுக்கு எங்கள் ஊரான நிந்தவூரில் ஒரு பிடவைக்கடை இருந்தது. சாரம், சாரி, பள்ளிக்கூடச் சீருடைத் துணி விற்கிற சின்னக் கடை. அவருக்குக் கார் ஓடத் தெரியாது, கடைசிவரை பழகவும் இல்லை. ஆனாலும் எங்கேயோ போய்ப் பழைய கார் ஒன்றை வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அதன் துருப்பிடித்த இடமெல்லாம் மண்ணெண்ணெய் பூசித் துடைப்பார். காருக்குள் மண்ணெண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் அவருடைய அத்தரும் சேர்ந்து ஒரு மணம் எப்போதும் இருக்கும். உம்மாவுக்கு அது தலையிடி தரும். எனக்குப் பிடிக்கும்.

அந்தக் காரை ஓடுவதற்காகத்தான் நான் லைசன் எடுத்தேன். பழக்கியவர் காரைதீவைச் சேர்ந்த மாஸ்டர் ஒருவர். கோபமே வராத மனிதர், என்னைப் பழக்கிய பிறகு கொஞ்சம் வரத் தொடங்கியது. கார் பழையது என்பதால் சிக்னல் லைட் ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. அதனால் கையால் காட்டப் பழக்கினார். "வலப்பக்கம் கிறுகப் போறீங்க எண்டா கைய நேர வெளிய நீட்டுங்க தம்பி. வேகத்தக் கொறைக்கப் போறீங்க எண்டா கைய மேலயும் கீழயும் ஆட்டுங்க." கிறுகுவது என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் திரும்புவது. நான் கிறுகிய இடங்களில் சில வேலிகள் இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

லைசன் கிடைத்த முதல் நாள் வாப்பா எனக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எப்போதும் அதுதான் அவருடைய இடம். சந்தைப் பக்கம் கிறுகுவதற்காக நான் கையை வெளியே நீட்டினேன். வெற்றிலைக் கடையில் இருந்தவர் எழுந்து நின்று "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார். எங்கள் ஊரில் காருக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தால் அது ஸலாம்தான், வேறு அர்த்தம் கிடையாது. வேகத்தைக் குறைக்கக் கையை ஆட்டினேன். முன்னால் சைக்கிளில் போன பெரியவர் தன்னைத்தான் நிற்கச் சொல்கிறேன் என்று நினைத்து இறங்கி, சைக்கிளை ஒரு மதிலில் சாத்திவிட்டு வந்து கதவைத் திறந்தார். "கல்முனைக்கா மகன்? நல்லதாப் போச்சு." வாப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். நாங்கள் கல்முனைக்குப் போகப் புறப்படவில்லை, ஆனால் போனோம்.

வாப்பாவுக்கென்று வீதிச் சட்டம் ஒன்று தனியாக இருந்தது. வாகனத்தில் போகிறவன்தான் நடந்து போகிறவனுக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும், அதுதான் மார்க்கம். நிந்தவூர் மெயின் ரோட்டில் நடந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு கையால்தான் கார் ஓடினேன். யாராவது ஒருவரைக் கவனிக்காமல் போய்விட்டால் பின்னாலிருந்து குரல் வரும். "கார் எடுத்த ஒடன கண் தெரியாமப் போச்சு எண்டு ஆக்கள் கதைப்பாங்க மகன்." கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். துணிக்கு விலை சொல்லும்போது மட்டும் அது மெலிந்துவிடும்.

புதிதாக லைசன் எடுத்தவனை ஊர் விடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்ற, பிள்ளையைப் பரீட்சைக்கு இறக்க, இறக்காமத்துக்கு வயல் பார்க்கப் போகிறவரை யானை இறங்குமுன் திருப்பிக் கொண்டுவர என்று வாசலில் எப்போதும் யாராவது நிற்பார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு நா எழாது. வாப்பா சொல்லவும் விடமாட்டார்.

அறுப்புக் காலம் வந்தால் இன்னொரு சோதனை. ரோட்டின் ஒரு பாதியில் நெல்லைக் காயப் போட்டுச் சுற்றிக் கல் வைத்துவிடுவார்கள். மிச்சப் பாதியில் பஸ்ஸும் லொறியும் நாங்களும் போக வேண்டும். நெல்லின் மேல் டயர் ஏறினால் பாவம் என்பது எங்களுக்கும் காரைதீவுத் தமிழ் ஆட்களுக்கும் பொதுவான சட்டம். அதனால் எதிரே பஸ் வந்தால் பின்னுக்குப் போவது எப்போதும் நான்தான். பின்னுக்குப் போவதற்கு மாஸ்டர் என்னைச் சரியாகப் பழக்கவே இல்லை என்று இப்போதும் எனக்கொரு குறை உண்டு.

அப்படி ஓர் அறுப்புக் காலத்தில்தான் அது நடந்தது. வாப்பா மத்தியானத்து லுஹர் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். உம்மா கறியை ஊற்றினார். வாப்பாவின் வலக்கை சோற்றின் மேல் கிடந்தது, பிசையவில்லை. "என்ன, கறி புடிக்கல்லயா?" என்று உம்மா கேட்டார். வாப்பா கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்து ஏதோ சொல்லச் சிரித்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

அவரைத் தாங்கிக்கொண்டுபோய்க் காரில் அவருடைய இடத்திலேயே இருத்தினோம். உம்மா பக்கத்தில் ஏறித் தோளோடு அணைத்துக்கொண்டார். வாப்பாவின் விரல்களில் சோறு அப்படியே இருந்தது. கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நிந்தவூரில் எனக்குக் கை காட்டிய ஒருவருக்கும் அன்று நான் ஸலாம் சொல்லவில்லை. காரைதீவில் நெல்லைத் தப்பித் தப்பி வந்தேன், யாருக்கும் பின்னுக்குப் போகவில்லை. வாப்பா பின்னால் கதைத்துக்கொண்டுதான் வந்தார். சொற்கள் குழறின, ஆனால் விளங்கின. கடைச் சாவி தலையணைக்குக் கீழே இருப்பதாகச் சொன்னார்.

கல்முனைக்கு முந்திய சாய்ந்தமருதுக்குள் நுழைந்ததும் ரோடு அடைத்துக் கிடந்தது. ஜனாஸா ஒன்று அடக்கத்துக்காக மையவாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரிய குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும். ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெள்ளைத் தொப்பிகள். நடுவில் தோள்களின் மேல் சந்தூக்கு, இறந்தவரின் மையத்தைச் சுமந்து போகும் பெட்டி, பச்சைத் துணி போர்த்தி மெதுவாக அசைந்து போனது. எதிரே வந்த வாகனங்கள் ஓரமாக நின்றுவிட்டன. அவற்றை ஓட்டி வந்தவர்கள் இறங்கி, நாலடியாவது தோள் கொடுக்க ஓடினார்கள். பின்னால் வருகிற வாகனம் முந்தாது, சத்தமும் போடாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

நான் ஹோனில் கை வைத்தேன்.

"ஹோன் அடிக்காத மகன்" என்றார் வாப்பா. "மையத்து போகுது."

அந்த இரண்டு வார்த்தையும் குழறவில்லை. உம்மா அழுதுகொண்டே, "ஒங்களுக்கு ஏலாம இரிக்கி, புள்ள அடிக்கட்டுமே" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். வாப்பாவின் வலக்கை கதவுப் பிடியைத் தேடிக்கொண்டிருந்தது. இறங்கித் தோள் கொடுக்கப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. கை பிடியில் பட்டது, பட்டபடியே நழுவி மடியில் விழுந்தது.

ஹோன் அடிக்க முடியவில்லை. அடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கையை வெளியே நீட்டி, வழி விடுங்கள் என்று மேலும் கீழும் ஆட்டினேன். கடைசி வரிசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தன் கையை நெஞ்சில் வைத்து எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு முன்னால் திரும்பி நடந்தார். நான் மறுபடி ஆட்டினேன். இன்னொருவரும் ஸலாம் சொன்னார். எவ்வளவு மரியாதையான ஊர் பாருங்கள். நான் அழத் தொடங்கினேன். இறங்கி ஓடிச் சொல்லலாம் என்றால், காரை விட்டு இறங்கக் கால் வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி ஊர்ந்தோம் என்று எனக்குத் தெரியாது. உம்மாதான் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையில் கிடந்த சீலை விலகியதையும் பார்க்காமல், "இவருக்கு வாய் இழுத்துட்டு தம்பி, கொஞ்சம் வழி தாங்க" என்று சத்தமாகச் சொன்னார். ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். உடனே முன்னால் ஓடினார். தொப்பிகள் இரண்டாகப் பிரிந்தன. சந்தூக்கைச் சுமந்தவர்கள் ரோட்டை விட்டு மணலில் இறங்கி நின்றார்கள். மையத்தே எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டது. உம்மாவின் பக்கக் கண்ணாடிக்கு வெளியே அந்தப் பச்சைத் துணி கை தொடும் தூரத்தில் கடந்து போனது. வாப்பா அதைப் பார்த்து ஏதோ ஓதினார். வாய் அசைந்தது. வந்தது வெறும் சத்தம்.

உயிர் தப்பியது. பேச்சு வரவில்லை. மூளைக்குப் போகிற இரத்தம் அடைத்துவிட்டது, எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். சாப்பிடும்போது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ரோட்டில் போன நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது? மையத்தோடு கோபிக்க முடியுமா? எனக்கு ஸலாம் சொன்ன மனிதரோடா? வாப்பாவோடா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு சில வருடம் வாப்பா இருந்தார். மாதா மாதம் கிளினிக்குக்கு நான்தான் கொண்டுபோவேன். நடந்து போகிறவர்களுக்கு இடக்கையை உயர்த்திக் காட்டுவார், அவர்கள் வாயால் பதில் சொல்வார்கள். சில நேரம் என்னிடம் ஏதோ சொல்ல முயல்வார். "தண்ணியா வாப்பா? கண்ணாடிய இறக்கவா? கடைய பத்தியா?" என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது எங்கள் பக்கம் ரோடெல்லாம் தார்க் காபட் போட்டு அகலமாகிவிட்டது. பள்ளிவாசல்களில் ஜனாஸாவுக்கென்று வாகனம் இருக்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகும், கொஞ்ச நேரத்தில் ரோடு வெறிச்சோடிவிடும். தோளில் போகிற ஜனாஸாவை மெயின் ரோட்டில் கண்டு கனகாலம். கார்க் கண்ணாடியை யாரும் இறக்குவதில்லை, ஏசி போய்விடும். மகள் அப்படி ஒரு கூட்டத்துக்குப் பின்னால் அகப்படப்போவதில்லை. அதற்காகச் சந்தோசப்பட வேண்டுமா, தெரியவில்லை.

நேற்று அவள் கண்ணாடியைத் துடைத்து முடித்ததும் இதையெல்லாம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வாப்பா காரில் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டே வருவார் என்று மட்டும் சொன்னேன். அவள் பிறக்குமுன்னே அவர் மௌத்தாகி மையவாடிக்குப் போய்விட்டார்.

"மூத்தவாப்பாட குரல் எப்படி இரிக்கும்?" என்று கேட்டாள்.

அவருக்கு வாய் இழுக்குமுன் நடந்த எங்கள் கல்யாணத்தின் வீடியோவில் அவர் இருக்கிறார். சாப்பாட்டுப் பந்தலில் நின்று ஆட்களை உபசரிக்கிறார், வாய் ஓயாமல் அசைகிறது. வீடியோக்காரன் முழுக்கப் பாட்டுப் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் போனில் யாரும் குரல் பிடித்து வைக்கவும் இல்லை. எனக்குள் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காட்டலாம் என்று தொண்டையைக் கனைத்து, ஹோன் அடிக்காத மகன் என்று அவரைப் போலச் சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் என் குரல்தான்.