சத்தம் குறைக்கும் பொத்தான்

அன்றைக்கு மத்தியானம் நான் முன் அறையில் தையல் மெஷினோடு இருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற காலம். தைத்து முடிக்கவேண்டிய வெள்ளைச் சட்டைகள் மேசை நிறையக் கிடந்தன. எனக்குப் பின்னால் கதிரையில் இருந்து தம்பி ரீவி பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ படம். ஒரு பாட்டு முடிந்தது, யாரோ சிரித்தார்கள், பிறகு திடீரென்று ஹெலிகொப்டர் இரைச்சல் கேட்டது.

வழக்கமாக எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் நிலைப்பதில்லை. தம்பி உடனே குறைத்துவிடுவான். அன்றைக்குக் குறையவில்லை. இரைச்சல் கூடிக்கொண்டே போய் ஒரு பெரிய வெடி வெடித்தது. கூடவே கதிரை சரிந்து விழுந்த சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தம்பியைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே அவனுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். கட்டில் ஓரத்தில் முழங்காலில் இருந்து குனிந்து பார்த்தேன். முகத்தைச் சீமெந்துத் தரையில் அழுத்தி, ரிமோட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி கிடந்தான்.

"தம்பி, முடிஞ்சுது. நான் நிப்பாட்டிப் போட்டன். வெளியில வா."

"அமத்தினனான் அக்கா," என்றான். குரல் தரைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "அமத்திக்கொண்டுதான் இருந்தனான். அது கேக்கேல்லை."

அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கடைசி யுத்தத்தில் வந்து விழுந்த செல் குண்டின் துண்டு ஒன்று இன்னும் அவனுடைய இடது காதுக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுக்கப் போனால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். அந்தக் காது கேட்காது. மற்றக் காது, கேட்கவேண்டியதற்கு மேலாகக் கேட்கிறது. கோயிலில் வெடி கொளுத்தினால், பக்கத்து வளவில் யாராவது தகரத்தைக் கீழே போட்டால், அன்று முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்காது. மற்றப்படி நல்ல வேலைக்காரன். தர்மபுரத்தில் எங்களுக்கு இருக்கிற சின்னத் தோட்டத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் மாறுவதும் மிளகாய் ஆய்வதும் அவன்தான். கதை குறைவு. கலியாணம் செய்யவில்லை. என் கணவர் காலமான பிறகு நான், என் மகள், அவன் என்று மூன்று பேராகத்தான் இருக்கிறோம்.

மகள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள்தான் அந்தப் பெரிய ரீவியை வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அதைக் கண்டதும் பயம். இப்போதெல்லாம் எந்தப் படத்தைப் போட்டாலும் அதற்குள் துவக்கும் குண்டும்தானே என்று நினைத்தேன். தம்பியும் முதல் நாள் வாசலில் நின்றுதான் பார்த்தான். மகள் ரிமோட்டை அவனுடைய கையில் கொடுத்து, "மாமா, இது உங்களிட்டயே இருக்கட்டும். இதை அமத்தினால் சத்தம் குறையும். இதை அமத்தினால் கூடும். வேற ஒண்டும் தெரியத் தேவையில்லை," என்றாள்.

அன்றிலிருந்து சத்தத்துக்குப் பொறுப்பு அவன். படத்தில் வெடி வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். இசை மாறுகிற விதத்திலேயோ, ஆட்கள் ஓடத் தொடங்குகிற விதத்திலேயோ கண்டுபிடித்துக் குறைத்துவிடுவான். ஆபத்து கழிந்ததும் மெல்ல மெல்லக் கூட்டுவான். எங்கள் வீட்டு ரீவியில் குண்டுகள் சத்தமில்லாமல் விழுந்தன, வீடுகள் சத்தமில்லாமல் இடிந்தன. ஒரு தரமும் அவன் ரீவியை முழுதாக நிற்பாட்டியதில்லை. ஏன் என்று மகள் கேட்டபோது, "நீங்கள் பாக்கிறியள்தானே," என்று மட்டும் சொன்னான்.

அந்த ரிமோட்தான் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

பின்னேரம் மகள் வேலையால் வந்ததும் அதைக் கையில் எடுத்தாள். பற்றரியை மாற்றினாள். உள்ளே இருந்த கம்பியைத் துணியால் துடைத்தாள். போன் கமராவுக்கு முன்னால் பிடித்து அமத்திப் பார்த்தாள். பழைய ரிமோட்டுகளில் அப்படிப் பார்த்தால் போனில் ஊதா வெளிச்சம் தெரியுமாம். இதில் ஒன்றும் தெரியவில்லை.

"இது செத்துப்போச்சு அம்மா," என்றாள்.

மறுநாள் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி, அது புளூடூத் ரிமோட், வெளிச்சம் வராது, ரீவியோடு மறுபடி இணைத்தால் வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறாள். அன்று பின்னேரம் மகள் போனில் வீடியோ ஒன்றைப் போட்டுவைத்துக்கொண்டு தொடங்கினாள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போடவேண்டும். ரீவி ரிமோட்டைத் தேடுகிறபோது இரண்டு பொத்தான்களை ஒன்றாக அமத்திப் பிடிக்கவேண்டும். ரிமோட்டில் சின்ன லைற் மின்னவேண்டும். முதல் முறை ரீவி அவளுடைய போனைப் பிடித்துக்கொண்டு, இதுவா உன் ரிமோட் என்று கேட்டது. போனில் புளூடூத்தை நிற்பாட்டிவிட்டு மறுபடி முயன்றாள். லைற் மின்னியது. திரையில் இணைந்துவிட்டது என்று வந்தது.

தம்பி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அவள் ரிமோட்டைக் கொடுத்ததும் சத்தத்தைக் குறைத்தான், கூட்டினான், மறுபடி குறைத்தான். பிறகுதான் கதிரையில் இருந்தான்.

கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு செய்தியில், வேறு ஏதோ நாட்டில், யுத்த காலத்தில் எங்கள்மேல் குண்டு போட்ட கிபிர் மாதிரி ஒரு விமானம் தாழப் பறந்து வந்தது. செய்தியில் இசை மாறுவதில்லையே, அவனால் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ரிமோட் மறுபடி கைவிட்டது. அவன் மறுபடி கட்டிலுக்குக் கீழே போனான். மகள் மறுபடி இணைத்தாள். மாரி தொடங்குகிற நேரம் இன்னொரு தரமும் அப்படியே நடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சும்மா இருக்கிறபோதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிற சாமான், தேவைப்படுகிற அந்த நேரம் பார்த்து மட்டும் ஏன் கைவிடுகிறது? மின்னலால் இருக்கும் என்றாள் மகள். விற்றவன் பழுதானதைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன் நான். கடைசியில் விசுவமடுவில் இருந்து ரீவி திருத்துகிற ஒருவரை வரச்சொன்னோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். தம்பியை விட ஐந்தாறு வயது குறைந்தவராக இருப்பார்.

ரீவியைப் பார்த்தார், கரண்டைச் சோதித்தார், ரிமோட்டைக் கழற்றி மறுபடி பூட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

"அப்ப ஏன் இது அடிக்கடி விட்டுப்போகுது?" என்று கேட்டேன்.

"இது தானா விடாது அக்கா. ஆராவது இந்த ரெண்டு பொத்தானையும் ஒண்டா, கொஞ்ச நேரம் கையெடுக்காமல் அமத்தினால்தான் விடும். அப்ப இது இந்த ரீவியை மறந்துபோட்டுப் புதுசா ஒண்டைத் தேடத் தொடங்கும்."

"ரெண்டையும் ஒண்டா ஆர் அமத்தப்போறது?"

"இந்தா, இப்பிடிப் பிடிச்சாலே காணும்," என்று அவர் செய்து காட்டினார். ரிமோட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சருகே பிடித்து, ஒரு பெருவிரலைச் சத்தம் குறைக்கும் பொத்தானிலும் மற்றதை அதற்கு மேலே இருந்த ஹோம் பொத்தானிலும் வைத்து இறுக்கினார். சின்ன லைற் மின்னியது.

அந்தப் பிடியை நான் முன்பே கண்டிருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே கண்டிருக்கிறேன். தம்பி குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டில சின்னப்பிள்ளையள் இருக்கினமோ?" என்று அவர் கேட்டார்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி சொன்னான்.

"சின்னப்பிள்ளை ஒருத்தருமில்லை. நான்தான்."

திருத்த வந்தவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் கண்டிருக்கவேண்டும். ரிமோட்டை மறுபடி திறந்துகொண்டு, "உங்களில பிழையில்லை அண்ணை. இதைச் செய்தவன் ரெண்டையும் கிட்டக் கிட்ட வைச்சிட்டான்," என்றார். ரிமோட்டை ரீவியோடு இணைத்துவிட்டு, ஹோம் பொத்தானுக்குக் கீழே உள்பக்கமாக ஒரு துண்டு டேப் ஒட்டினார். இனி அந்தப் பொத்தான் வேலை செய்யாது, எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இணைப்புப் போகாது என்றார். அந்தப் பொத்தானின் வேலையைத் தன்னுடைய போனாலேயே செய்துகொள்ளலாம் என்றாள் மகள்.

அவர் ரிமோட்டைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கவில்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். மகள்தான் வாங்கி மேசையில் வைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவன் வரவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டியை ஊன்றியபடி வரம்பில் குந்தியிருந்தான்.

"அவர் சொன்னவர்தானே, உன்னில பிழையில்லை எண்டு. இப்ப சரியாக்கியாச்சு. சாப்பிடு."

"நான் குறைக்கத்தான் அக்கா அமத்தினனான்," என்றான். "பயம் வந்தால் கை தானா இறுகுது. எனக்குத் தெரியாமலே இறுகுது."

"அது எல்லாருக்கும் அப்பிடித்தான்."

தண்ணீர் ஒரு வாய்க்கால் நிறைந்து வழியத் தொடங்கியது. அவன் எழும்பி அதை மாறவில்லை. அப்படி அவன் விட்டதை நான் கண்டதில்லை.

"பங்கருக்குள்ளையும் அம்மாவின்ர கையை இப்பிடித்தான் பிடிச்சிருந்தனான்," என்றான். "இறுக்கிப் பிடிச்சால் அவா போகமாட்டா எண்டு நினைச்சன். விடியத்தான் ஆரோ வந்து என்ர விரலைக் கழட்டினவை."

அம்மா அந்தப் பதுங்குகுழிக்குள்தான் செத்துப்போனா. அப்போது நான் சின்னப் பிள்ளையாக இருந்த மகளோடு வேறு இடத்தில் அகப்பட்டிருந்தேன். அம்மாவின் கடைசி நேரத்தைப் பற்றி நான் அவனிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தெரியாது, நினைவில்லை என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்தான். அன்றைக்கு நான் ஒன்றுமே கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வரம்பில் வைத்துவிட்டு, மண்வெட்டியை அவனிடமிருந்து வாங்கி நானே தண்ணீரை மற்ற வாய்க்காலுக்கு மாறினேன். திரும்பி வந்தபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அந்த ரிமோட் ஒரு தரமும் பிழைவிடவில்லை. தம்பிதான் அதைத் தொடவில்லை. மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தானே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் காட்டி, "பாருங்கோ மாமா, இப்ப விடாது," என்றாள். அவன் "ஓம்" என்றான். கையை மட்டும் நீட்டவில்லை. சில கிழமைகள் எங்கள் வீட்டில் ரீவியே ஓடவில்லை. மெஷின் சத்தமும் கோழிச் சத்தமும்தான். மகள் வேலையால் வந்து போனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவாள். அதைக் கண்டு அவனுக்குத்தான் கூடுதல் கவலை. ஒரு நாள் பின்னேரம் அவனே வந்து, "பிள்ளை களைச்சு வருது. படத்தைப் போட்டுவிடு அக்கா," என்றான்.

அதன் பிறகு ரிமோட் என் கைக்கு வந்தது. நான் மெஷினை விட்டு எழும்பி அவனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொள்வேன். எனக்கு அவனைப்போல முன்கூட்டிக் கண்டுபிடிக்கத் தெரியாது. அவன்தான் சொல்வான். "அக்கா, இப்ப," என்பான். நான் குறைப்பேன். ஆட்கள் சத்தமில்லாமல் ஓடுவார்கள். "சரி, இனி விடலாம்," என்பான். நான் கூட்டுவேன். பல நாட்கள் இது சரியாகவே நடக்கிறது.

எல்லா நாளும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். நான் ஊசியில் நூல் கோக்கக் குனிந்திருப்பேன். அல்லது அவனுக்கே தெரியாமல் சத்தம் வந்துவிடும். போன கிழமை அப்படி ஒன்று வந்தது. பெருமழை விட்டுத் தூறிக்கொண்டிருந்த நேரம். நான் பதறி அமத்தி முடிக்க முன்பே அவன் எழும்பிவிட்டான். கட்டில் பக்கம்தான் போகிறான் என்று நினைத்து நானும் எழும்பினேன். அவன் கட்டிலைத் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு முற்றத்தில் இறங்கினான். தூறலுக்குள் வேலியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றான்.

மகள் ரீவியை நிற்பாட்டப் போனாள். அவன் திரும்பாமலே கையைக் காட்டினான், வேண்டாம் என்று.

"நனையாதை தம்பி, உள்ளுக்க வா," என்றேன்.

"முடிஞ்சுதோ?"

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். ஒரு கட்டிடம் எரிந்துகொண்டிருந்தது.

"இல்லை. இன்னும் கொஞ்சம் கிடக்கு."

"முடிஞ்சாப் பிறகு கூப்பிடு அக்கா," என்றான். "நான் இதிலதான் நிக்கிறன்."