வேனுக்கு வைத்த பொட்டு

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் இருந்தோம். நோனா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் நான் சமையல். என் வீட்டுக்காரர் புல், பூமரம் பார்ப்பார். பின்பக்கத்து அறையில் மகளோடு குடியிருந்தோம்.

நோனாவின் வாகனக் கொட்டிலில் ஒரு வெள்ளைக்காரச் சோடியின் வேன் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் இருக்கும். வருசத்துக்கு ஒரு முறை வந்து ஊர் சுற்றிவிட்டு, வேனை நோனாவிடம் விட்டுப் போவார்கள். சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடுமாம். அந்த வெள்ளைக்காரப் பெண் கையாலேயே எனக்கு எல்லாம் காட்டித் தந்தாள். கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை சார்ஜரைப் பூட்ட வேண்டும். உள்ளே தகடு மூடும் வரை, போத்தலில் விற்கிற பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. அவள் பாஷை தெரியாவிட்டாலும் விளங்கியது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என்னை நம்பி இதை விட்டது உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்ட கையோடு போய் பேட்டரியைத் துடைத்துவிட்டு, வேனின் முகத்தில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வருவேன். அசிட் பட்ட சேலை துவைத்ததும் ஓட்டை ஓட்டையாகப் போகும்.

"வேனுக்கு வாக்கப்பட்டவ மாதிரி பாக்குற. எனக்கு ஒரு நாளாச்சும் பொட்டு வச்சியா புள்ள?" என்பார் வீட்டுக்காரர்.

கண்டி டவுன் பக்கம் புகை எழும்பிய அன்று பகல், நோனா எங்கள் அறைக்கு ஓடி வந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"இங்க இருக்க வேணாம். நீங்க இருக்கிற ரூம் எல்லாருக்கும் தெரியும். வேன்ல ஏறுங்க."

ஏறித் திரையை இழுத்துவிட்டோம். மகளின் வாயை என் மடியில் அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்தது. எங்கள் அறையில் சட்டி பானை உடைகிற சத்தம். பிறகு காலடிகள் கொட்டில் பக்கம் திரும்பின. அப்போதுதான் எனக்குப் பொட்டு ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் வேனுக்குக் குங்குமம் வைத்தது யார் என்று ஒருவன் கேட்டால் போதும், எங்கள் கதை முடிந்தது.

திரை இடுக்கால் பார்த்தேன். முன் கண்ணாடிக்கு வெளியே நோனாவின் கொண்டையும் தோளும் தெரிந்தன. வேனின் முகத்தில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இது வெள்ளைக்காரர் வாகனம், கை வைத்தால் பொலிசுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அதில் ஒருவனைப் பார்த்து, உன் தாய்க்கு நான் மருந்து கொண்டுவந்து கொடுத்தது மறந்துபோச்சா என்று கேட்டார். அவன்தான் முதலில் திரும்பி நடந்தான்.

மறுபடி வருவார்கள் என்று நோனாவுக்குப் பயம். அலுமாரியிலிருந்து சாவியை எடுத்து வந்தார்.

"பேட்டரியில கம்பி கொழுவத் தெரியும்தானே?"

"தெரியும் நோனா. ஓடாம நின்ன வேன், பிடிக்குமோ தெரியாது."

"பிடிக்கும். கொழுவு."

கொழுவினேன். முதல் தடவை வேன் முனகிவிட்டு நின்றது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. நோனாவே ஓட்டினார். திரைக்குப் பின்னால் நாங்கள் படுத்துக்கிடக்க, எங்கள் சனம் அகதியாகத் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கே இறங்கியபோதுதான் வீட்டுக்காரர் கண்டார். நோனாவின் வெள்ளைச் சட்டை முதுகில் சிவப்பாக அப்பியிருந்தது.

"நோனா, முதுகுல பொட்டு."

நோனா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தெரியவில்லை. "அப்ப ஒங்க சாமி என் முதுகில ஏறித்தான் வந்திருக்கு" என்றார். சுற்றிவரக் கேட்ட அழுகைக்குள்ளேயும் நாங்கள் சிரித்துவிட்டோம்.

அமைதியான பிறகு அதே அறைக்குத் திரும்பி வந்தோம். வெள்ளைக்காரச் சோடியும் பிறகு வந்து வேனை எடுத்துப் போனார்கள். நோனா இப்போது இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்குக் குங்குமம் தொடும்போது, அந்த வெள்ளைச் சட்டை முதுகுக்கும் மனதால் ஒரு பொட்டு வைத்த பிறகுதான் என் விரல் படத்துக்குப் போகிறது.