மீதி மருந்து

கண் தெரியாத ஒரு மனிதரின் முகத்துக்கு நேராக நான் பொய் சொன்னேன். இறந்துபோன ஒரு பெண்ணின் மேல் பழி நிலைத்து நிற்க அந்தப் பொய்யே போதுமானதாக இருந்தது.

இதை இன்னும் மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியும். இருபத்தாறு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறவள் நான். சொற்களை வளைக்கத் தெரியாதா எனக்கு? வளைத்ததால் வந்த வினைதானே இது! ஆகவே உங்களிடமாவது நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது நாகர்கோவில். வாழ்க்கைப்பட்டு வந்தது சாத்தூருக்கு. கணவர் இல்லை. ஒரே மகள் நிவேதா. வேதியியல் படித்துவிட்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைகளுக்குப் பொறுப்பாளராக, அங்குள்ளவர்கள் பேச்சில் 'போர்மேனாக', இருந்தாள். அவள் சொல்லாமல் யாரும் அங்கே மருந்தைத் தொடக் கூடாது.

மருந்து... பட்டாசுக்குள் செலுத்துகிற வெடிக்கலவைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் கண் தெரியாதவரையும் அவருடைய கூட்டாளியையும் முதலில் தேடிப் போனவள் நானே. நிவேதாவுக்கு ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. விசாரிக்காமல் எப்படிக் கொடுப்பது? விருதுநகர் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், போரில் ஊனமுற்ற இரண்டு ராணுவத்தினர் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார். இருவரும் ஒரே கண்ணிவெடியில் அடிபட்டவர்கள். தங்கப்பாண்டிக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. ஜோசப்புக்கு முழங்கைக்குக் கீழே வலது கை இல்லை.

மூன்றே வாரத்தில் விசாரித்துச் சொன்னார்கள்.

"தங்கமான மாப்ள, டீச்சர். குடி கெடையாது, ஒன்னும் கெடையாது. ரெண்டு கண்ணு, ரெண்டு கையி எல்லாம் சரியா இருக்கு. எங்களுக்குத் தேவல" என்று சிரித்தார் தங்கப்பாண்டி.

"நீ எங்கனலே பாத்த?" என்றார் ஜோசப்.

"நீ பாத்த. நான் மோந்தேன்."

நானும் சிரித்தேன். அந்த மாடியில் என் சிரிப்பு எவ்வளவு நிம்மதியாக ஒலித்தது!

ஜோசப் எல்லாவற்றையும் இடது கையால் எழுதுவார். நாற்பது வயதுக்கு மேல் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் நட்டு வைப்பதைப் போல எழுதுவார். அவர் எழுதி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், கேட்காத விஷயங்களையெல்லாம் அன்று நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தாமதத்தைப் பார்த்து இரக்கப்பட்டேன். அவர்களுடைய ஆயுதமே அதுதான் என்பது எனக்குத் தெரியவில்லை...

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை.

சீசன் உச்சத்தில் இருந்தது. காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் கோவில்பட்டியிலிருந்து அழைத்தார்கள். ஒரு விசேஷத்துக்காக வந்தார்களாம். ஒன்றரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் பெண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. வேலையிடத்தில் நிவேதாவின் போனை வாசல் காவலரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் கம்பெனி ஆபீசுக்கு அழைத்தேன். திரும்பவும் அழைத்தேன். மூன்றாவது முறை, "உடனே அனுப்புங்கள், ராகுகாலம் வந்துவிடும்" என்று அதட்டினேன்.

அவசரம் அவளுடையது அல்ல. என்னுடையது.

வாசலில் போனை வாங்கிக்கொண்டு, குரலிலேயே ஒரு செய்தி பதிந்து எனக்கு அனுப்பினாள். "அம்மா, கெளம்பிட்டேன்" என்பதை மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

ஒன்றேகாலுக்கு வந்து சேர்ந்தாள். தலையில் மல்லிகைச் சரம் இருந்தது. பூ வாங்க மறந்த என்னைக் காப்பாற்றிவிட்டாளே என்று மகிழ்ந்தேன். யார் கொடுத்த பூ என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. நல்ல நேரத்திலேயே கிளம்பிப் போனார்கள்.

இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு சன்னல் ஒருமுறை அதிர்ந்தது.

இங்கே அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுந்திருப்பார்கள். பேச்சு நின்றுவிடும். வாசலுக்கு வந்து புகையைத் தேடுவார்கள். புகை தென்மேற்கே இருந்தது. பட்டுச் சேலையோடு நின்ற நிவேதா, "எங்க கம்பெனிப் பக்கம்மா..." என்றாள்.

ஓர் அறைதான் போயிற்று. அதற்குள் ஒருவர்தான் இருந்தார். பேச்சியம்மாள். இரண்டு பிள்ளைகளின் தாய்.

காலைக் குளிர்ச்சியில் கலந்த மருந்தை வெயில் ஏறுவதற்குள் செலுத்தி முடித்துவிட வேண்டும். மீதி இருந்தால் அழித்துவிட வேண்டும். வெயிலில் தொடவே கூடாது. இதை நிவேதாதான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். கம்பெனியின் அறிக்கை அதையேதான் சொன்னது. எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் அனுமதியோடு வெளியே போயிருந்தபோது, பேச்சியம்மாள் 'தானாகவே' அறைக்குள் சென்று மீதி மருந்தைச் செலுத்தினாராம்.

தானாகவே!

பேச்சியம்மாளின் கணவர் மாடசாமி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விருதுநகர் மாடிக்குப் போனார். "எனக்கு வேற எதுவும் வேண்டாங்கய்யா. இந்த ஒத்தச் சொல்ல மட்டும் அழிச்சிக் குடுங்க. பதினாறு வருசமா யாரும் சொல்லாம அவ ஒரு தீக்குச்சியக்கூடத் தொட்டதில்ல" என்றாராம். அவர் அழவே இல்லை என்று ஜோசப் என்னிடம் சொன்னார். அவர் அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நிவேதா உள்ளறையில் படுத்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"பாப்பாவ எழுப்ப வேண்டாம், டீச்சர். உங்களத்தான் பாக்க வந்தோம்" என்றார் தங்கப்பாண்டி. "கம்பெனி வாசல்ல வேப்ப மரத்தடியில பாப்பாவும் பேச்சியும் பேசினத ரெண்டு பேரு பாத்திருக்காக. என்ன பேச்சுன்னு அவுக காதுல விழல. பாப்பா கையில போனு இருந்துச்சாம். உங்களுக்கு ஏதும் பேசி அனுப்புச்சா?"

"'கெளம்பிட்டேம்மா'ன்னு அனுப்பினா. அவ்வளவுதான். அதையும் அழிச்சிட்டேன்."

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

ஜோசப் எழுதத் தொடங்கினார். பேனா தாளைச் சுரண்டியது. கெ... ள... ம்...

"சீக்கிரம் எழுதுலே. டீச்சர் கையெழுத்துக்கு மார்க்கக் கொறைச்சிருவாக" என்றார் தங்கப்பாண்டி.

"ஒனக்கு என்ன தெரியும், என் கையெழுத்து அழகு?"

நான் சிரிக்கவில்லை. பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் போன் மடியில் கனத்தது. அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை. விபத்து நடந்த அன்று மாலையே முழுவதும் கேட்டிருந்தேன். பதினாறு நொடிகள். அதில் என் மகள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். மரத்தடியில் வேறு எவராவது கேட்டிருந்தால்? நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? முன்கூட்டியே ஒரு தடுப்பைக் கட்டிவிட வேண்டாமா?

பேனா இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. நான் பேசிவிட்டேன்!

"பேச்சியம்மாளுக்கு அன்னைக்குக் காய்ச்சல். அதனால, 'மீதி மருந்தையும் முடிச்சிருங்கக்கா'ன்னு நிவேதா அவகிட்டச் சொன்னா. குடிக்கிற மருந்து. காய்ச்சலுக்கு."

பலபொருள் ஒருமொழி. எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம். ஒரு சொல், பல பொருள். இடம் பார்த்துப் பொருள் கொள்க! என் மகளின் வாயிலிருந்து வந்த அதே சொற்களை அப்படியே எடுத்து, பொருளை மட்டும் மாற்றி அவர்கள் முன் வைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமைகூட எழுந்தது... ஆம், பெருமைதான். இதையும் மறைக்க விரும்பவில்லை.

பேனா நின்றது.

தங்கப்பாண்டி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கறுப்புக் கண்ணாடியில் என் உருவம் இரண்டாகத் தெரிந்தது.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

"நாகர்கோவில்."

"அதான்" என்றார். "நான் விஸ்வநத்தத்துக்காரன். பட்டாசு ஊரு. எங்க வீட்டுல காய்ச்சலுக்குக் குடுக்கிறது மாத்திர, டானிக்கு. மருந்துன்னா ஒன்னுதான். வீட்டுக்குள்ள எவனாச்சும் அந்தப் பேரச் சொன்னா, எங்கம்மா மொதல்ல அடுப்ப அணைக்கும். பெறகுதான் என்னன்னு கேக்கும். கம்பெனி வாசல்ல நின்னுக்கிட்டு, ஒரு போர்மேன் வேலைக்காரியப் பாத்து மருந்த முடிங்கன்னா, அது தொண்டைக்குள்ள போறதில்ல, டீச்சர்."

இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் இது என் காதில் விழாமல் போனது எப்படி? இலக்கணத்தை நம்பிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்கவில்லை.

"நாங்க போலீஸ் இல்ல. போனப் புடுங்க முடியாது. நீங்க சொன்னத வெளிய காட்டினாலும் குடிக்கிற மருந்துன்னுதான் சாதிப்பீக. கேக்கத்தான் முடியும். கேட்டுக்கிட்டே இருப்போம்" என்று எழுந்தார்.

அவர்கள் போனதும் உள்ளறைக் கதவு திறந்தது. நிவேதா நின்றிருந்தாள்.

"அம்மா, நான் அக்காகிட்ட என்ன சொன்னேன்னு எனக்கு நெனப்பே இல்லம்மா. வேலைய நிறுத்துங்கன்னுதான சொல்லிருப்பேன்? வேற சொல்லிருக்க மாட்டேன்ல? உனக்கு வந்ததுல ஏதாச்சும் கேட்டுச்சா?"

"நிறுத்தச் சொன்னடா. நான் கேட்டேன். அப்புறம்தான் அழிஞ்சுபோச்சு."

இதுதான் இரண்டாவது பொய். முதல் பொய் மாடசாமிக்கு எதிரானது. இது யாருக்கு எதிரானது? அன்று இரவு என் மகள் பல நாட்களுக்குப் பிறகு சாப்பிட்டாள். தட்டில் அவள் கை அசைவதைப் பார்த்துக்கொண்டு, இந்தக் கை இப்படியே அசைந்துகொண்டிருக்க எந்தப் பொய்யையும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீங்கள் பெற்றவராக இருந்தால் என்னைத் திட்டுவதற்கு முன் ஒரு கணம் தயங்குவீர்கள். ஆனால் பேச்சியம்மாளும் பெற்றவள்தானே!

அதன் பிறகு அவர்கள் வியாழக்கிழமைதோறும் வரத் தொடங்கினார்கள். அந்தக் கிழமையை அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்களா? தெரியாது. ஒற்றைக் கையால் ஓட்டும்படி மாற்றிய காரை ஜோசப் தெருமுனையில் நிறுத்துவார். தங்கப்பாண்டி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். "அந்தப் போனுல இருந்து ஏதும் கெடைச்சுதா, டீச்சர்?" என்று ஒரே ஒரு கேள்வி. "இல்லை" என்று ஒரே ஒரு பதில். எழுந்து போய்விடுவார்கள். அதட்டலோ மிரட்டலோ கிடையாது. புதன்கிழமை வந்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

சென்ற வாரம் தங்கப்பாண்டி மட்டும் உள்ளே வந்தார். காரைத் திருப்பிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஜோசப் போயிருந்தார். மேசையில் நிவேதாவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. தண்ணீருக்குக் கையை நீட்டியவர், மேலே புடைத்திருந்த பொன்னெழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"பாப்பா பேரு எங்கன இருக்கு?"

அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். விரலை எடுக்காமலே பேசினார்.

"கண்ணிவெடி வெடிச்ச அன்னைக்கு எங்ககூட இன்னொருத்தன் இருந்தான், டீச்சர். அவந்தான் முன்னால போனான். மிதிச்சான். அவன் அங்கனயே போயிட்டான். எங்களுக்கு இம்புட்டோட போச்சு. பெறகு, முன்னால போகச் சொன்னது யாருன்னு கேட்டாக. யாரும் சொல்லல, தானாத்தான் போனான்னு சொன்னேன்."

விரல் எழுத்தின் மேல் நின்றது.

"போகச் சொன்னது நாந்தேன். ஜோசப்புக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணு போன பெறகு எனக்குத் தெரியிற ஒரே முகம் அவன் முகந்தான். வேற எதுவும் தெரிய மாட்டேங்குது. உங்களுக்குக் கண்ணு நல்லாருக்கே... அதான் சொன்னேன்."

தன் வாழ்க்கையின் அடியில் கிடந்ததை அவர் எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டார். பதிலுக்கு நான் என்ன வைத்தேன் தெரியுமா? போன் என் கையில்தான் இருந்தது. விரலால் ஒருமுறை தொட்டிருந்தால் போதும். மாடசாமி கேட்டபடி அந்த ஒற்றைச் சொல் அழிந்திருக்கும்.

"அழிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

வெளியே ஜோசப் ஹாரன் அடித்தார். தங்கப்பாண்டி சுவரைத் தடவி எழுந்தார். "வியாழக்கெழம வாரோம், டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

திருமணத்துக்கு இன்னும் இரண்டு வாரங்கள் உள்ளன. அவள் ஓசூருக்குப் போனபின் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் நினைக்கிறேன். புகுந்த வீட்டிலிருந்து அவளைக் கைது செய்து அழைத்துப் போவார்களே என்று மறுநாள் நடுங்குகிறேன். உங்களிடம் இதையெல்லாம் சொல்வது எளிது. நீங்கள் மாடசாமி அல்ல.

நாள்தோறும் பள்ளியில், எல்லோரும் வகுப்புக்குப் போனபின், அந்தப் பதினாறு நொடிகளைக் காதில் வைத்துக் கேட்கிறேன். அழிக்கத்தான் எடுக்கிறேன். கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

"அம்மா, கெளம்பிட்டேன்" என்கிறாள் என் மகள். பிறகு குரல் திரும்புகிறது. "பேச்சியக்கா, மீதி மருந்தையும் முடிச்சிருங்க, ஆர்டர் நிக்குது."

"வெயிலா இருக்கே, தாயி..."

வண்டிச் சாவி குலுங்குகிறது. பேச்சியம்மாளே மறுபடி பேசுகிறாள். அவள் குரலில் சிரிப்பு இருக்கிறது.

"சரி, சரி, முடிச்சிருதேன். நீ போ. மாப்ள காத்துக்கெடப்பாக. இந்தா, என் தலையில உள்ள பூவ வச்சிக்கிட்டுப் போ."

இன்று புதன்கிழமை.