பிரான்ஸ் அழுத முதுகு

“முத்தம் கொடுக்கிறதுன்னா ஓரமா நின்னு கொடுங்க. சிப்பி வாங்க வர்றவங்களுக்கு வழி வேணும்” என்று சிப்பி பிளக்கும் கத்தியின் முனையாலேயே ஓரத்தைக் காட்டுகிறாள் யிவெத் கெர்வெல்லா. பிரான்சின் வடமேற்குக் கரையிலுள்ள இந்தச் சிறு துறைமுகத்துக்குக் காதலர்கள் வருவது ஒரு பழைய படத்துக்காக. ‘உப்புக்காற்று’ படத்தின் கடைசிக் காட்சியில், சிவப்புக் கோட்டு அணிந்த நாயகி கொட்டும் மழையில் கப்பலை நோக்கி ஓடுவாள். கால் வழுக்கும், சமாளிப்பாள், மறுபடி ஓடுவாள். அவள் ஓடிய துறைமுகக் கல்தளத்தில்தான் யிவெத்தின் கடை.

அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் ஓடியது நாயகி அல்ல. அம்மணிக்குச் சளி. மீன்கூடை சுமந்துகொண்டிருந்த யிவெத்தைப் பிடித்து ஓடவிட்டார்கள். திரையில் முகம் தெரியாது. “மொத்த பிரான்சும் என் முதுகைப் பார்த்துத்தான் மூக்கைச் சிந்துச்சு” என்பாள். டஜன் சிப்பிக்கு ஒன்று கூடுதலாகக் கேட்பவர்களிடமும் அந்த முதுகைத்தான் காட்டுவாள்.

படத்தை எடுத்த அர்மான் ழிரொதே ஒரே நாளில் மேதையானார். பிறகு எடுத்த ஒன்பது படங்களில் அந்த மேதைமை படிப்படியாக இறங்கியது. கடைசிப் படம் ஊர்த் தியேட்டரில் ஓடியபோது உள்ளே இருந்தது யிவெத்தும் எங்கிருந்தோ நுழைந்த ஒரு நாயும்தான். ஒன்றையும் அவள் விட்டதில்லை. உரக்கத் திட்டிக்கொண்டே பார்த்தாள்.

‘உப்புக்காற்று’ படத்தின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கு ழிரொதே வருகிறார் என்றதும் மேயர் கடைக்கு ஓடிவந்தார்.

“யிவெத் அம்மா, இன்னிக்கு ஒருநாள் வாயைக் கட்டிக்கணும். வயசானவரு, மனசு ஒடிஞ்சிடும்.”

“ஒன்பது படம் பார்த்தேனே, எனக்கு ஒடியலையா?”

விழாவுக்கு முன்பே கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் கடைக்கு வந்து நின்றார்.

“எல்லாப் படமும் பார்த்தியாமே?”

“பார்த்தேன் முசியே. ரெண்டுல தூங்கிட்டேன். எதை எடுத்தாலும் ஒருத்தி ஓடி வந்து வழுக்குறா. என்னைக் கேலி பண்றீங்கன்னு நினைச்சேன். எத்தனை தடவைதான் பண்ணுவீங்கன்னு பார்க்கத்தான் போனேன்.”

ழிரொதே சிரிக்கவில்லை. “நீ வழுக்கினது நான் சொல்லி இல்லை. தானா நடந்தது. ஜனங்க அதுக்குத்தான் அழுதாங்க, என்னை மேதைன்னாங்க. அப்புறம் எத்தனையோ பேரை ஓடவிட்டேன். ஒருத்தியையும் அப்படி வழுக்க வைக்க எனக்குத் தெரியலை.”

யிவெத்தின் கத்தி பாதி திறந்த சிப்பியிலேயே நின்றது. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க இதைவிட வாகான செய்தி அவளுக்கு இனிக் கிடைக்காது. சாயங்காலம் மேடையேறிச் சொன்னால் மனிதர் காலி.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லை.”

“சொல்லாதீங்க. நான் தானா வழுக்கவே இல்லை. நீங்க சொன்னபடிதான் வழுக்கினேன்.”

சிப்பியைப் பிளந்து, எலுமிச்சை பிழிந்து நீட்டினாள். அவர் இரு கைகளாலும் கைத்தடியைப் பிடித்தபடியே நின்றார். அவளே சிப்பியோட்டை அவர் உதட்டில் வைத்துச் சாய்த்து, தாடையில் வழிந்த உப்புநீரைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.