லேத் நின்றால் அச்சுக்குப் போகும்

கணபதி பகுதியில் நகைச்சுவை மாத இதழ் நடத்திய ஒருவர் மேல் எனக்கு இன்னும் பொறாமை உண்டு. விபூதி நெற்றி, சிரிக்காத முகம்; எப்போதும் துக்க வீட்டுக்குக் கிளம்பியவர் போலவே இருப்பார். எந்தத் துணுக்கு வந்தாலும் ஜன்னலைத் திறந்து, பக்கத்து லேத் பட்டறைக்காரருக்குக் கேட்கும்படி உரக்கப் படிப்பார். பட்டறைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தால்தான் அது அச்சுக்குப் போகும்.

அவருடைய சொந்தத் துணுக்குகளுக்கு லேத் தவறாமல் நின்றது. நான் ஐந்து மாதமாகக் கொண்டுபோன எதற்கும் நிற்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க. மெசின் நிக்கலீங்களே," என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்.

ஆறாம் மாதம், என் துணுக்கின் கடைசி வரியில் லேத் சட்டென்று நின்றது. நான் துள்ளி எழுந்தேன்.

"அட, உக்காருங்க," என்றார் அவர், தலைக்கு மேல் வேகம் குறைந்துகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி. "கரண்ட் போயிருச்சுங்க."

அடுத்த இதழில், என் பெயரைச் சொல்லாமல், நான் துள்ளி எழுந்த கதையையே துணுக்காக எழுதியிருந்தார். பொள்ளாச்சி பஸ்ஸில், அவரைத் திட்டிக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துத் தொலைத்திருந்தேன். அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.