அக்காவின் பல்லும் என் பொய்யும்

டாக்டரின் டார்ச் வெளிச்சத்தில் அக்கா வாயைத் திறந்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. அத்தனை பல்லும் சோளக்கதிர்போல வரிசையாக இருந்தன. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, என் கணவரின் அண்ணன் மனைவி. பூதிகோட்டைப் பக்கம் கேழ்வரகும் மோருமாக வளர்ந்தவள். நான் தங்கச் சுரங்கக் கூலிகளுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீட்டில் பிறந்தவள். காற்றடித்தால் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் சோற்றில் விழும். அதை நறநறவென்று மென்றே என் பற்கள் பாதியாகத் தேய்ந்துவிட்டன. என் கல்யாணப் பந்தலிலேயே அவள் இடுப்பில் இரண்டாவது பிள்ளை இருந்தது. ஆனாலும் கடைவீதியில் என்னைத்தான் மூத்தவள் என்பார்கள். வீட்டில் கற்பூரம் ஏற்றுவது முதல் எல்லாவற்றிலும் முதல் மரியாதை அவளுக்கு.

முதியோர் பென்ஷனுக்கு அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு பேருக்குமே பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் தேய்மானமும் ஈறும் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, உத்தேச வயது எழுதித் தருவார். எனக்கு அறுபத்திரண்டு என்றார். அக்காவின் படத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"இவங்களுக்கு அம்பத்தெட்டும் சொல்லலாம், அறுவத்துநாலும் சொல்லலாம். ஏம்மா, உன்னைவிடப் பெரியவங்களா?"

"நான்தான் சார் பெரியவ."

அக்கா திரும்பிப் பார்த்தாள். வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். அதுவும் எனக்குப் பொறுக்காத குணம்தான். அவர் ஐம்பத்தெட்டு என்று எழுதினார். அவளுக்குப் பென்ஷன் இல்லை என்றானது.

திரும்பி வரும்போது ஆண்டர்சன்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் காட்டி, "உக்காருங்க அக்கா," என்றாள். "நாப்பது வருசமா உன்ன சின்னவன்னு ஏமாத்திட்டேன். இன்னா பண்றது, டாக்டரே எழுதிட்டாரு!"

நாற்பது வருடம் நான் ஆசைப்பட்ட வார்த்தை. அன்று சாயங்காலம் அம்மன் படத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

மறுநாள் தனியாகப் போய், "பொய் சொல்லிட்டேன் சார், அவங்கதான் மூத்தவங்க," என்றேன். வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி டாக்டர் திட்டினார். பிறகு அறுபத்துநாலு என்று திருத்தினார்.

திருத்திய சான்றை நீட்டியபோது அக்கா முகத்தைச் சுளித்தாள். "நீ பொய் சொன்னது போகட்டும்டி. ஒரே ராத்திரில ஆறு வயசு கூட்டி என்னைக் கிழவியாக்கிட்டியே!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்படி ஒரு மனசை அவளுக்கு மட்டும் ஏன் கொடுத்தாய் என்று மாரியம்மனிடம் நான் இன்னும் சண்டை போடுகிறேன்.